சாரம் ஏறாத சட்டம்

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கிறது. அந்தச் சாலைகளில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள்: ஆள் உயரத்துக்கு மேல் தடுப்பு, வாசலில் காவலாளி, உள்ளே நடமாடும் ஒவ்வொருவர் தலையிலும் ஹெல்மெட், உடம்பில் ஒளிரும் மேற்சட்டை, காலில் கனத்த பூட்ஸ். அதே சாலையிலிருந்து பிரியும் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு மாடி வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருக்கும். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய சாரம். அதன்மேல் கிடக்கும் ஒற்றைப் பலகையில் நின்றபடி கொத்தனார் வெளிச்சுவர் பூசுகிறார். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. கீழேயிருந்து சித்தாள் கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுக்கிறார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. கால் தவறினால் தாங்க வலையும் கிடையாது.

விழுந்தால் இரண்டு இடத்திலும் அடி ஒன்றுதான். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற மனிதர் ஒரே நொடியில் தரைக்கு வந்துவிடுவார். அப்போது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். சாதாரண வீட்டின் முதல் மாடிச் சுவருக்குக் கட்டும் சாரமே அந்த உயரம் வந்துவிடுகிறது.

கட்டுமான வேலையில் பாதுகாப்பு விதிகள் என்று பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். ‘உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை’ என்பார்கள் தொழிற்சங்கத்தினர். ‘செலவு, தாமதம், காகித வேலை’ என்பார்கள் ஒப்பந்ததாரர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. விதிகளால் வரும் நன்மை எங்கே கிடைக்கிறது, அவற்றின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த வழக்கு தெளியும்.

விதி எதைக் கேட்கிறது?

கட்டுமானத்தில் உயிர் போகும் வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. உயரத்திலிருந்து விழுதல், மேலிருந்து ஏதேனும் விழுந்து தாக்குதல், மின்சாரம் தாக்குதல், மண்ணிலோ இயந்திரத்திலோ சிக்கிக்கொள்ளுதல். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை இந்த நான்கையும்தான் கட்டுமானத்தின் முதன்மையான உயிரிழப்புக் காரணங்களாகப் பட்டியலிடுகிறது. அங்கே கட்டுமான மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுவதால் நேர்கிறவை. விதிகளில் பெரும்பகுதி இந்த நான்கையும் அடைக்கவே எழுதப்பட்டது.

கான்கிரீட் தளம் போடும் நாளை எடுத்துக்கொள்ளலாம். 1,000 சதுர அடியில் 5 அங்குல கனத்துக்குத் தளம் போட்டால், ஈரக் கான்கிரீட்டின் எடை மட்டும் ஏறக்குறைய 28 டன். கம்பியும் ஆட்களும் அதற்கு மேல். அது இறுகித் தன் காலில் தானே நிற்கும் வரை அத்தனை எடையையும் சென்ட்ரிங் பலகைகளும் அவற்றுக்குக் கொடுத்த முட்டுகளும்தான் தாங்குகின்றன. முட்டின் அடியில் இருப்பது நேற்று கொட்டி நிரப்பிய தளர்ந்த மண்ணாக இருந்தாலோ, முட்டுகளுக்கு இடையே குறுக்குச் சட்டம் அடிக்காமல் விட்டாலோ, ஒரு முட்டு நழுவி அடுத்ததன்மேல் பாரத்தை ஏற்றும். அதுவும் நழுவும். கீழே நிற்பவர்கள் விலகி ஓட நேரமிருக்காது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 456 விதிநூல், சாதாரண சிமென்ட்டில் போட்ட தளத்தின் இடைவெளி 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாட்களும், அதற்கு மேல் போனால் 14 நாட்களும் முட்டுகளை எடுக்கக்கூடாது என்கிறது. சென்ட்ரிங் பலகை நாள் வாடகையில் வருவதால் சீக்கிரம் பிரித்துவிடச் சொல்லும் அவசரம் எந்த வேலையிலும் உண்டு. அந்த அவசரத்துக்குக் குறுக்கே நிற்பதுதான் 7, 14 என்ற அந்த எண்கள்.

குழி தோண்டும் வேலையும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒரு காரின் எடை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழியில் மார்பளவு மண் சரிந்தால் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. அதனால்தான் ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும்போது பக்கங்களைச் சரித்து வெட்டு, அல்லது பலகை கொடுத்து முட்டு வை, தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதே, ஏறி வர ஏணி வை என்று பாதுகாப்பு நூல்கள் சொல்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ யாரோ புதைந்துபோன கதை இருக்கிறது.

பாலத்தின் அடியில் கட்டிய வலை

இந்த விதிகள் எழுதப்படுவதற்கு முந்தைய காலத்தில், பெரிய பாலம் கட்டினால் செலவாகும் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஓர் உயிர் போகும் என்று அமெரிக்காவில் கணக்கே வைத்திருந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு 1933இல் வேலை தொடங்கியபோது தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தார். எல்லோரும் கெட்டித் தொப்பி அணிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார். பாலத்தின் தளத்துக்கு அடியில் நெடுக, அதன் அகலத்தையும் தாண்டி நீளும் வலை ஒன்றைக் கட்டினார். அதற்கு ஆன செலவு சுமார் 1,30,000 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரும் தொகை.

அந்த வலை 19 பேரைத் தாங்கிப் பிடித்தது. கடலில் விழுந்திருக்க வேண்டிய அந்த 19 பேரும் வீடு திரும்பினார்கள்.

ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று கழற்றி நகர்த்தப்படும் கனமான சாரம் ஒன்று பிய்ந்து வலையின் மேலேயே விழுந்தது. வலை கிழிந்தது. 10 பேர் இறந்தார்கள். அதற்கு முன் அந்தப் பாலத்தில் இறந்தவர் ஒருவர்தான், மொத்தம் 11. பாதுகாப்பு விதிகளின் பலமும் எல்லையும் இந்த ஒரே பாலத்தில் தெரிகின்றன. மனிதர் தவறினாலும் பொருள் காப்பாற்றும் ஏற்பாடு 19 உயிரை மீட்டது. ஆனால் அந்த வலை விழுகிற மனிதரைத் தாங்கக் கட்டியது. டன் கணக்கில் எடையுள்ள சாரத்தைத் தாங்க அல்ல. அந்தச் சாரம் தன் பாரத்தைத் தாங்குமா என்பதை வேலைக்கு முன்பே வேறொருவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் கற்ற பாடம்

தமிழ்நாட்டிலிருந்து பல்லாயிரம் பேர் கட்டுமான வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் இந்தப் பாடம் 2004இல் கடுமையாக வந்தது. ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகல் நிக்கல் நெடுஞ்சாலை அருகே, வட்டப் பாதை ரயிலுக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய குழி இடிந்து விழுந்தது. சாலையும் அதனுடன் உள்ளே போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். பக்கச்சுவர்கள் உள்ளே சரியாமல் குறுக்கே கொடுத்திருந்த இரும்புத் தூலங்களின் இணைப்புகள் தேவையான பலத்துக்கு வடிவமைக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் வளைந்ததை அளவீட்டுக் கருவிகள் முன்பே காட்டியிருந்தன. அன்று காலையிலேயே குழிக்குள் பலத்த சத்தம் கேட்டிருந்தது. இருந்தும் வேலை நிறுத்தப்படவில்லை.

அதே ஏப்ரலில் மற்றொரு கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பிக்கூடு சரிந்து இருவர் இறந்தார்கள். மே மாதம் கப்பல் தளத்தில் நடந்த தீ விபத்தில் 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூரில் எல்லாத் தொழில்களிலும் சேர்த்து, லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 பேர் வேலையிடத்தில் உயிரிழந்தார்கள்.

2006இல் புதிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஏணி இத்தனை அடி, கைப்பிடி இத்தனை அங்குலம் என்று பட்டியல் போட்டு, அதைப் பின்பற்றினால் போதும் என்றிருந்த பழைய முறையிலிருந்து அது விலகியது. வேலையால் ஆபத்தை உண்டாக்குகிறவர் யாரோ, அவரே அந்த ஆபத்தை முன்கூட்டிக் கண்டறிந்து குறைக்க வேண்டும் என்றது. வேலையிடத்தைக் கையில் வைத்திருப்பவர், முதலாளி, முதன்மை ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் என்று ஒவ்வொருவருக்கும் பொறுப்பு எழுதப்பட்டது. முதல் குற்றத்துக்கே நிறுவனத்துக்கு 5 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். கட்டுமான வேலைக்கு வருகிறவர் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். அந்த வகுப்பைத் தமிழிலும் படிக்கலாம். தவறு செய்யும் ஒப்பந்ததாரருக்குக் குறைபுள்ளிகள் சேரும். புள்ளிகள் கூடினால் புதிதாக வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க அனுமதி கிடைக்காது. இதில் அபராதத்தைவிட ஆள் கிடைக்காமல் போவதே முதலாளிகளுக்குப் பெரிய அச்சம்.

2023இல் வேலையிட மரண விகிதம் லட்சத்துக்கு 0.99 ஆகக் குறைந்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஐந்தில் ஒரு பங்கு.

இந்தக் கதையிலும் குறை உண்டு. 2022இல் மரணங்கள் மீண்டும் கூடி 46ஐ எட்டின. அரசு ஒன்பது மாதங்களுக்குச் சிறப்புக் கண்காணிப்பை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024இல் விகிதம் மறுபடி 1.2 ஆக ஏறியது. 50 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட கட்டுமானத் தளங்களில் கேமரா கட்டாயம் என்ற விதி அந்த ஆண்டு ஜூனில் அமலுக்கு வந்தது. விதியின் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. தொழிலாளியின் வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும்வரை, அடிபட்டதை வெளியே சொல்லத் தயங்குகிறவர்களும் இருப்பார்கள். ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவருக்கு, ஆபத்தான வேலையை ‘முடியாது’ என்று மறுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தாலும் வாயில் வருவது கடினம்.

தமிழ்நாட்டின் வழியும் டெல்லியின் சட்டமும்

இந்தியாவில் கட்டுமானத் தொழிலாளருக்கு முதலில் சட்டம் யோசித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு தழுவிய இயக்கம் ஒன்று மத்தியச் சட்டம் கேட்டுப் போராடியது. அதன் பயனாக 1996இல் கட்டடத் தொழிலாளர்களுக்கான இரண்டு மத்தியச் சட்டங்கள் பிறந்தன. ஒன்று வேலை நிலைமையையும் பாதுகாப்பையும் ஒழுங்குபடுத்தியது. மற்றொன்று கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு ரூபாய் வரை நல நிதிக்குப் பிடிக்க வழி செய்தது.

அந்த நிதி என்ன ஆயிற்று என்பதை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேதனையோடு எழுதியது. அதுவரை நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். செலவானது சுமார் 9,500 கோடி. மீதி, உழைத்தவர்களுக்குப் போய்ச் சேராமல் கணக்கில் கிடந்தது.

பாதுகாப்புப் பக்கமும் பலவீனமாகவே இருந்தது. 1996 சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு விதியை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அதிகபட்சம் 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நல்ல இரும்புச் சாரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுப்பதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்ற நிலையை அந்தச் சட்டமே உண்டாக்கியது. பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு மட்டும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் சட்டத்துக்கே வெளியே. சொந்தமாகக் குடியிருக்க 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீடும் வெளியே.

சுமை யார் தலையில்?

விதிகளைக் குறை சொல்லும் ஒப்பந்ததாரரின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். டெண்டரில் வேலை பெரும்பாலும் குறைந்த விலை கேட்டவருக்கே கிடைக்கிறது. வலை, கைப்பிடி, இரும்புச் சாரம், பாதுகாப்பு அலுவலர் சம்பளம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து விலை கேட்டவர் தோற்றுப்போகிறார்; சேர்க்காமல் கேட்டவருக்கு வேலை போகிறது. பெரிய நிறுவனம் எடுத்த வேலை துணை ஒப்பந்ததாரருக்கு, அங்கிருந்து இன்னொருவருக்கு, கடைசியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் கான்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரிக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் லாபம் மேலேயே நின்றுவிடுகிறது. பொறுப்பு மட்டும் கீழே இறங்குகிறது. பாதுகாப்புக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால் அந்த ஒரு மணி நேரக் கூலி மேஸ்திரியின் கையிலிருந்தும் அவரோடு வந்தவர்கள் கையிலிருந்தும் போகிறது.

‘பெல்ட் மாட்டினா வேலை ஓடாது’ என்பது சாரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை எதில் மாட்டுவது என்பதே பல தளங்களில் பதில் இல்லாத கேள்வி. விழும் உடம்பைத் திடீரென்று நிறுத்தும்போது வரும் இழுப்பைத் தாங்க, உறுதியான கம்பமோ இழுத்துக் கட்டிய எஃகு வடமோ வேண்டும். அது இல்லாத இடத்தில் கொக்கியைச் சாரத்திலேயே மாட்டுகிறார்கள். சாரம் சரிந்தால் பெல்ட் போட்டவரும் சேர்ந்தே விழுவார். பெல்ட் வாங்கிக் கொடுத்ததோடு விதி நிறைவேறிவிட்டதாகப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

காகிதத்தில் முடிந்துபோகும் விதி பெரிய தளங்களின் நோய். தினமும் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பத்து நிமிடம் பாதுகாப்புப் பேசி, நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேசுகிறவர் தமிழில் பேச, எதிரே நிற்பவர்கள் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசுகிறவர்களாக இருந்தால் கையெழுத்து மட்டுமே மிஞ்சும். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று வாசலில் பலகை வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கமும் இப்படித் திரும்பிவிடுவதுண்டு. பலகையின் எண் குறையக்கூடாது என்பதற்காக, நசுங்கிய விரலுக்கு வெளியே மருந்து போட்டு அனுப்பிவிட்டுப் பதிவேட்டை வெறுமையாக விடுகிறார்கள். சின்னக் காயங்கள் பதிவானால்தான் பெரிய விபத்து வரும் திசை தெரியும். அந்தத் தடயம் அங்கே அழிந்துவிடுகிறது.

உடனே கொல்லாத ஆபத்துகளை விதியும் ஆய்வும் இன்னும் குறைவாகவே கவனிக்கின்றன. கிரானைட்டும் டைல்ஸும் வெட்டும் இயந்திரத்தை மூடிய அறைக்குள் உலர்வாக ஓட்டும்போது கிளம்பும் வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணம் கிடையாது. வெட்டும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சினால் தூள் பெருமளவு அடங்கும். முகத்தில் கட்டிய கைக்குட்டையால் அதைத் தடுக்க முடியாது. நோய் வெளிப்படும்போது தொழிலாளி வேறு ஊரில் இருப்பார். அவர் எந்த நிறுவனத்தின் விபத்துக் கணக்கிலும் வர மாட்டார்.

இனி ஆய்வாளர்கள். ஆய்வு என்றாலே தொந்தரவு, தொழிலைக் கெடுக்கும், வேலைவாய்ப்பைக் குறைக்கும் என்பது உலகம் முழுவதும் உள்ள வாதம். இதை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கலிஃபோர்னியாவில் ஆபத்து மிகுந்த தொழில்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்யப்பட்ட நிறுவனங்களையும் செய்யப்படாதவற்றையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதமும், காயங்களால் ஆன செலவு 26 சதவீதமும் குறைந்திருந்தன. விற்பனையிலோ வேலைவாய்ப்பிலோ கண்டுபிடிக்கத்தக்க இழப்பு எதுவும் தெரியவில்லை. லஞ்சத்துக்கு இடமில்லாமல், யாரை ஆய்வு செய்வது என்பது ஆய்வாளரின் விருப்பத்தில் இல்லாமல் நடந்தால், ஆய்வு தொழிலைக் கெடுப்பதில்லை என்பதற்கு இது வலுவான சான்று.

மவுலிவாக்கம் சொல்வது

2014 ஜூன் 28, சனிக்கிழமை. மாலையில் பலத்த மழை. சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே அமர்ந்து நொறுங்கியது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஆந்திரம், ஒடிசா உள்ளிட்ட வெளியிடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் அதேபோல் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. அங்கே வீட்டுக்குப் பணம் கட்டிய நடுத்தரக் குடும்பங்களும் பெரும் இழப்புக்கு ஆளாயின.

அந்தக் கட்டடத்தில் வேலை செய்த ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட்டிருந்தாலும் பெல்ட் மாட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. 11 மாடி மேலே விழும்போது ஹெல்மெட் எதைத் தாங்கும்? ஆபத்து வேலைக்கு முன்பே, வடிவமைப்பிலும் மேற்பார்வையிலும் நுழைந்திருந்தது. நிக்கல் நெடுஞ்சாலையிலும் இதுதான் நடந்தது.

மவுலிவாக்கத்தின் சோகம் அடங்கும் முன், ஜூலை 6 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் கிடங்கு ஒன்றின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சாய்ந்தது. அதை ஒட்டிக் குடிசை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர் குடும்பங்களில் 11 பேர் மாண்டார்கள். தொழிலாளருக்குத் தங்குமிடம் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்று 1996 சட்டத்தில் எழுதியிருந்தது. எழுத்து அந்தக் குடிசை வரை போய்ச் சேரவில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தபோது, பெரிய திட்டம் என்பதாலேயே பாதுகாப்பு உறுதியாகிவிடுவதில்லை என்பதும் தெரிந்தது.

விபத்து அறிக்கைகளில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற வரி எளிதாக வந்துவிடுகிறது. பத்து மணி நேரம் வெயிலில் நின்றவருக்குக் கவனம் சிதறுவது இயல்பு. அவர் கவனம் சிதறினாலும் உயிரோடு இருக்கும்படி வேலையை அமைத்துத் தர வேண்டியது, திட்டமிடும் அதிகாரம் உள்ளவரின் கடமை. பிரிட்டன் 1994இல் கொண்டுவந்த கட்டுமான வடிவமைப்பு, மேலாண்மை விதிகள் இந்தக் கடமையைக் கட்டுவிக்கிறவரிடமும் வடிவமைப்பவரிடமுமே தொடங்கின. கூரையில் ஏறிச் செய்ய வேண்டிய இணைப்பைத் தரையிலேயே செய்து கிரேனில் ஏற்ற முடியுமா என்று வரைபடம் போடும்போதே கேட்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்கா முழுவதும் கட்டுமான விபத்தில் ஓர் உயிர்கூடப் போகாமல் கட்டி முடிக்கப்பட்டது.

புதிய சட்டம், பழைய இடைவெளி

2025 நவம்பர் 21 முதல் இந்தியாவில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டம் உட்பட 13 சட்டங்கள், 2020இல் இயற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்துவிட்டன. சில விஷயங்கள் முன்னேற்றம்தான். கட்டுமானத்தில் பாதுகாப்பு அலுவலர் வேண்டிய வரம்பு 500 பேரிலிருந்து 250 ஆகக் குறைந்திருக்கிறது. பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். கடமை தவறி மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவரின் வாரிசுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 2,000 ரூபாய்க் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

பத்துப் பேர் என்ற வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து கட்டும் வீட்டுக்கு, நால்வர் இறங்கும் கிணற்று வேலைக்கு, இருவர் தொங்கும் பெயின்ட் வேலைக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டின் ஊர்களில் நடக்கும் கட்டட வேலையில் பெரும்பகுதி இப்படிச் சின்னச் சின்னதாக நடப்பதுதான்.

விதிகளின் நன்மை பெருகவும் சுமை நியாயமாகப் பங்கிடப்படவும் செய்யக்கூடியவை சில உண்டு. அரசு டெண்டர்களில் பாதுகாப்புச் செலவைத் தனி இனமாக எழுதி, அதில் போட்டி விலை கேட்க விடாமல் எல்லோருக்கும் ஒரே தொகையாக நிர்ணயிக்கலாம். அப்போது வலை கட்டுகிறவர் டெண்டரில் தோற்க மாட்டார். காலைப் பாதுகாப்புப் பேச்சைத் தொழிலாளியின் மொழியிலேயே பேச ஆள் வைக்கலாம். தேங்கிக் கிடக்கும் நல நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, சிறிய மேஸ்திரிகளுக்கு இரும்புச் சாரமும் முட்டுகளும் குறைந்த வாடகையில் கிடைக்க ஊருக்கு ஊர் கிடங்கு வைக்கலாம். அண்ணன் தம்பிகளாக, கணவன் மனைவியாக வேலைக்கு வரும் சிறு குழுவுக்கு அபராத நோட்டீஸைவிட உறுதியான சாரமே உதவும்.

சின்னக் கட்டடங்களை எட்டும் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. வீடு கட்டுகிறவர் வரைபட அனுமதிக்காகப் பேரூராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போகிறார். தொழிலாளர் நல நிதியையும் அங்கேயே வசூலிக்கிறார்கள். பணம் வாங்கும் அதே இடத்தில், வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளர் சாரம், முட்டு, குழி ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்கும் உறுதிமொழியையும், தளம் போடும் தேதியை முன்கூட்டித் தெரிவிக்கும் கடமையையும் கேட்டு வாங்கலாம். இதற்கு நாடாளுமன்றத்தின் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநில அரசின் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒரு திருத்தம் போதும்.